ஹெஸ்டரின் பெயரில்

மேசை விரிப்பின் நான்காவது மூலையை ஹெஸ்டர் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கெர்பென் மூன்றாவது தடவையாக அவள் பெயரை மடிக்கணினியில் தட்டினான்.

"திறக்கல," என்றான்.

ஹெஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஹெஸ்டர்... இந்த ஆள் தடைப் பட்டியல்ல இருக்காங்கன்னு வருது. என்ன அர்த்தம்?"

"படிக்கத் தெரியும்ல? எழுதியிருக்கறதுதான் அர்த்தம்."

"மெதுவாப் பேசு! கீழே அம்மா எழுந்தாச்சு."

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டைகள் எல்லாம் கிசுகிசுப்பாகத்தான் நடக்கும். பழைய மரத்தளம். கீழ்த்தளத்தில் மாமியார் ரீக்கி. மாடியில் ஊசி விழுந்தால், விழுந்தது எத்தனையாம் நம்பர் ஊசி என்று சொல்லிவிடுவாள். நெதர்லாந்தின் டெவென்டர் ஊர்ச் சந்தையில் நாற்பது வருஷம் துணி விற்றவள். இன்றைக்கு அவளுக்கு எழுபத்தைந்து. இரண்டு மணிக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள்.

சூதாட்டத்தை விட நினைப்பவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே ஏற்றிக்கொள்ளும் அரசாங்கப் பட்டியல் ஒன்று உண்டு. ஏறிவிட்டால் நாட்டில் எந்த இணையச் சீட்டாட்டத் தளமும் அந்தப் பெயருக்குக் கதவைத் திறக்காது. கெர்பென் தன் பெயரை என்றைக்கோ, ஆயுள் முழுவதற்கும் என்று, ஏற்றிவிட்டான். அன்று ஹெஸ்டர் சந்தோஷத்தில் ஆப்பிள் கேக் செய்தாள். அந்தச் சந்தோஷம் நான்கு மாதம் நீடித்தது. தன் வாசல் அடைபட்டவன் பக்கத்து வாசலைத் தட்டினான். அவளுடைய அடையாள எண், அவளுடைய பிறந்த தேதி, அவளுடைய வங்கிக் கணக்கு... திரையில் ஹெஸ்டர் என்ற பெயரில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் எட்டு மேசைகளில் சீட்டாடினான். ஹெஸ்டருக்கோ ஒரு மேசைக்கு ஒழுங்காகச் சீட்டுப் பிரித்துப் போடக்கூட வராது.

"நீயேவா போட்ட?"

"நானேதான். நேத்து மத்தியானம். உங்க அம்மா அந்தப் பட்டியல் ஆபீசுக்கு எழுதியிருக்காங்க. எங்க மருமக சீட்டாடியே அழிஞ்சு போறா, அவளத் தடுத்து நிறுத்துங்கன்னு. உங்க பக்கத்து பதில் என்னன்னு கேட்டு எனக்குக் கடிதாசி வந்துச்சு. அவங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே போட்டுட்டேன்."

"மறுத்திருக்கலாம்ல! நான் ஆடலன்னு எழுதியிருக்கலாம்ல!"

"எழுதலாம். அப்ப யாரு ஆடினான்னு கேப்பாங்க. அதுக்கு யார் பேர எழுதட்டும், கெர்பென்?"

அவன் மடிக்கணினியை மூடினான். மறுபடி திறந்தான். கொதித்த பாலை மூடி வைத்துவிட்டு அடிக்கடி மூடியைத் தூக்கிப் பார்ப்பது போல.

"உனக்குப் புரியாது. இது அதிர்ஷ்டம் இல்ல, கணக்கு. ரெண்டு மாசமா சீட்டு சரியில்ல, அவ்வளவுதான். இந்த வாரம் திரும்பற வாரம்..."

"ஜெயிச்சா உன் மூளை. தோத்தா சீட்டு. பதினேழு வருஷமா உன் மூளை ஒரு தடவைகூடத் தோத்ததில்ல!"

"சாயங்காலத்துக்குள்ள எடுத்துடு..."

"ஆறு மாசத்துக்கு யாராலும் எடுக்க முடியாது. நானே போய் அழுதாலும் முடியாது. அதனாலதான் போட்டேன்."

ஹெஸ்டர் விரிப்பை மடித்தாள். கோபம் வந்திருந்தால் பரவாயில்லை. வந்தது ஏதோ ஒரு இரக்கம். பதினேழு வருஷம் பின்னால் நின்று யாரோ அவளைக் கூப்பிட்டது போல இருந்தது.

அந்த நாட்கள்தான் எத்தனை இனிப்பு!

அவனை முதலில் பார்த்தது சந்தையில். வெள்ளிக்கிழமை. இடமும் வலமும் ஆட்கள் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருக்க, ரீக்கி ஒரு பக்கம் வாடிக்கையாளரின் கையைப் பிடித்து விலையை இழுத்துக்கொண்டிருக்க, பின்னால் ஒருவன் வாயைத் திறக்காமல் உள்ளாடைத் துணியை அளந்துகொண்டிருந்தான். ஹெஸ்டர் இரண்டு மீட்டர் கேட்டாள். வீட்டில் போய்ப் பிரித்தால் இரண்டரை! அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்கப் போனாள். "தப்பா அளந்துட்டேன்," என்றான், காது வரை சிவந்து. வியாபாரக் குடும்பத்தில் பிறந்து தப்பாக அளப்பவன் ஒன்று முட்டாள், அல்லது காதலில் விழுந்தவன். ரீக்கி அன்று இரண்டும்தான் என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஆட்களின் முகத்துக்கு நேரே பேச அவனால் எப்போதுமே முடிந்ததில்லை. கூச்சம். திரைச் சீட்டாட்டம் வந்தபோது அவன் அதில் விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று ஹெஸ்டர் பின்னால் புரிந்துகொண்டாள். அங்கே யாருக்கும் முகம் கிடையாது. யாரும் இவன் முகத்தையும் பார்க்கப் போவதில்லை. சந்தையில் வாய் திறக்காதவன் அங்கே சிங்கம்!

முதல் குளிர்காலம் முழுக்க இருவரும் ஒரே சோபாவில், ஒரே கம்பளிக்குள். அவன் ஒவ்வொரு சீட்டுக் கையையும் அவளுக்கு விளக்குவான். "பாரு, இவன் பொய் சொல்றான். இவ்வளவு சீக்கிரமா பந்தயத்த ஏத்தறவன் கையில ஒண்ணும் இருக்காது." அவள் காப்பிக் கோப்பையைக் கட்டிக்கொண்டு கேட்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி ஒன்றில் ஜெயித்தான். இரண்டு பேரும் சமையலறையில் காலுறையோடு குதித்து ஆடினார்கள். அந்தக் கோடையில் கூடாரத்தை எடுத்துக்கொண்டு டென்மார்க் கடற்கரைக்குப் போனார்கள். மூன்று வாரம். அவன் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே வந்தான். அப்படி அவன் பேசி அவள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அந்த நாட்கள் இன்னும் இனிக்கின்றன. அதுதான் அவளுக்கு வெட்கம். நோய் வீட்டுக்குள் வந்த நாளையா ஒரு பெண் ஏங்கி நினைப்பாள்?

பிறகு சோபாவில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. விளக்குவது நின்றது. தோற்ற கைகளை மட்டும் வரிசையாகச் சொல்வான், ஊரே சேர்ந்து தன்னை ஏமாற்றியது போல. தப்பிப் பிழைத்து ஜெயித்த கைகளோ ஒன்றுகூட அவன் நினைவில் இருக்காது. சூடேறிவிட்டால் சாப்பாடு, தூக்கம், பெண்டாட்டி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் உண்மையாகவே கேட்டான்: "தோக்கறது எனக்குக் கஷ்டமா இல்ல, ஹெஸ்டர். நிறுத்தறதுதான் கஷ்டமா இருக்கு. ஏன்?"

சரி, அவள் பெயர் கெட்டது எப்படி? போன வருஷம், இதே வீட்டில், இதே சமையலறையில். அளவுக்கு மீறி ஆடுகிறவரைத் தளக்காரர்களே கூப்பிட்டு நலம் விசாரிக்க வேண்டும் என்று இங்கே சட்டம். ஹெஸ்டரின் கை மாவில் இருந்தது. போன் அடித்தது. அடிக்கிற போனை விட்டால் வியாபாரம் போய்விடும் என்று நம்புகிறவள் ரீக்கி. எடுத்தாள், சத்தமாக வைத்தாள், மருமகள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஹெஸ்டர் அம்மாவா? வாரத்துக்கு நாப்பது மணி நேரம், ஒரே நேரத்துல எங்க எட்டு சீட்டு மேசையில இருக்கீங்க. உங்களுக்கு ஏதாவது உதவி வேணுமா?" என்றது அன்பான ஒரு குரல்.

வாசற்படியில் கெர்பென். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

அந்த வீட்டில் சீட்டுக்கட்டு நுழையக் கூடாது. கெர்பெனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, சீட்டாடிய அவன் அப்பாவின் பெட்டியை ரீக்கி தெருவில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அந்த மனுஷன் திரும்பி வரவே இல்லை. மகன் ஆடினால் அவனுக்கும் அதே கதிதான் என்பது ஊருக்கே தெரியும். வெளியே தள்ளப்பட்டவனுக்குப் போக்கிடம் அந்தத் திரை ஒன்றுதானே? ஹெஸ்டர் ஒரு மூச்சு இழுத்தாள்.

"ஆமா... நான்தான்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. மறுநாளே அவள் இடுப்பிலிருந்த சந்தைப் பணப்பை நாத்தனார் டியூக்கேயின் இடுப்புக்குப் போனது. கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் குடும்பப் பிறந்தநாள் நாட்காட்டியில், ஹெஸ்டர் பிறந்த மார்ச் பதினான்கின் மேல், கறுப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. ஒருவர் குடும்பத்தில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் எங்கள் ஊரில் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டாம், கழிப்பறைக்குப் போனால் போதும்.

கெர்பென் அன்று அவள் மடியில் முகம் புதைத்து அழுதான். நிறுத்திவிடுகிறேன் என்றான். ஒன்பது நாள் நிறுத்தினான்.

இரண்டு மணிக்கு நாற்காலிகள் வட்டமாகிவிட்டன. ஒவ்வொருவராக வந்து வட்டத்தைச் சுற்றினார்கள். பிறந்தநாள்காரியை மட்டும் வாழ்த்தினால் போதாது. மகனுக்குக் கைகொடுத்து "உன் அம்மாவுக்கு வாழ்த்து", மகளுக்குக் கைகொடுத்து "உன் அம்மாவுக்கு வாழ்த்து" என்று ஒருத்தரையும் விடக் கூடாது. பக்கத்துப் பாலாடைக்கட்டிக் கடைக்காரர் பெரென்ட் கையை நீட்டிக்கொண்டே வந்தவர், ஹெஸ்டரிடம் வந்ததும் அந்தக் கையாலேயே அவளிடமிருந்து கேக் தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

"அண்ணி, தட்ட வெச்சுட்டு உக்காருங்களேன்," என்றாள் டியூக்கே. "ஓ, நாற்காலி பத்தலையா! பரவால்ல, நீங்கதான் மேசைக்கு மேசை தாவற ஆளாச்சே. ஒரே நேரத்துல எட்டாமே?"

சிரிப்பு. கெர்பென் கேக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தான். ஹெஸ்டர் சமையலறை வாசலில் நின்றாள். 'பெயர் போனது போகட்டும், வாசல் அடைபட்டுவிட்டது,' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கண்ணீர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

ரீக்கி கோப்பையைக் கரண்டியால் தட்டினாள்.

"எல்லாரும் இருக்கீங்க, சொல்லிடறேன். நான் எழுதின மனுவுக்குப் பலன் வந்தாச்சு. என் மருமக தன் பேரத் தானே பட்டியல்ல ஏத்திக்கிட்டான்னு நேத்து அவளே சொன்னா. இனிமே அவளால எங்கயும் ஆட முடியாது. கடைசியில அவளுக்கும் புத்தி வந்துச்சு."

"வாழ்த்துகள்!" என்றார் யாரோ, பழக்க தோஷத்தில்.

ரீக்கி மருமகள் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷம் முகம் பார்த்து விலை சொன்னவள். பிடித்த துணியை வேண்டாம் என்று தள்ளுகிறவளையும், வாங்கவே போவதில்லை என்று தெரிந்தும் தடவிப் பார்க்கிறவளையும் ஒரே பார்வையில் பிரித்துவிடுவாள். தடைபட்ட சூதாடியின் முகத்தை அவள் அறிவாள். பறி கொடுத்தவன் முகம் அது. இந்த முகத்தில் அது இல்லையே... பாரம் இறக்கியவள் முகமல்லவா இது!

அவள் பார்வை மெல்ல வட்டத்தைச் சுற்றியது. மகனிடம் வந்ததும் நின்றது. அவன் கரண்டியில் இருந்த கேக் துண்டு வாய்க்கும் தட்டுக்கும் நடுவே அப்படியே நின்றுகொண்டிருந்தது.

ரீக்கி சிரித்தாள். வியாபாரச் சிரிப்பு.

"எனக்கும் பொழுது போகல, பெரென்ட். கால் வலி, சந்தைக்கும் போறதில்ல. என் பேர் இன்னும் சுத்தமாத்தானே இருக்கு? நானும் ஒரு கணக்குத் திறந்து ஆடிப் பாக்கலாம்னு இருக்கேன். எப்படித் திறக்கணும்னு யாருக்காவது தெரியுமா?"

வட்டமே வெடித்துச் சிரித்தது. பெரென்டுக்குப் புரையேறியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு குரல், அவசரமாக, ஆசையாக:

"உங்க அடையாள அட்டையும் போனும் போதும்மா. அஞ்சு நிமிஷம். நான் பண்ணித் தரேன்..."

சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக அணைந்தது. கெர்பெனின் கரண்டி தட்டில் விழுந்தது. எட்டு மேசைகளில் ஊர்பேர் தெரியாத ஆட்களின் பொய்யைப் பிடித்தவன், ஒரே ஒரு கிழவியின் பொய்யில் போய் விழுந்தான்.

"பந்தயத்த சீக்கிரமா ஏத்திட்டடா," என்றாள் ரீக்கி. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "உன் அப்பனும் இப்படித்தான். ஆசப்பட்டது கண்ணுல பட்டா அந்த மனுஷனுக்கு வாய் நிக்காது."

"அம்மா... அது வந்து..."

"போன வருஷம் அந்த போன் வந்துச்சே, அப்ப ஆடினது யாரு?"

அவன் தட்டில் விழுந்த கரண்டியை எடுத்து நேராக வைத்தான்.

"கெர்பென்! ஆடினது யாரு?"

"நான்தான்." அந்த வார்த்தை நாற்காலிக்கு அடியிலிருந்து வந்தது போல இருந்தது. "அவ ஒரு நாளும்... ஒரு கை கூட ஆடினதில்லம்மா."

ஹெஸ்டர் தட்டோடு ஓரடி முன்னால் வந்தாள். "அத்தை! வேண்டாம் அத்தை... அவரோட பெட்டிய வெளிய வெச்சுடாதீங்க! அதுக்குத்தான் நான் ஒரு வருஷமா..."

ரீக்கி எழுந்தாள். கால் வலியோடு, யாருடைய தோளையும் பிடிக்காமல், வட்டத்தின் குறுக்கே நடந்து வந்தாள். மருமகளின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"பூச்சி வருஷம்னு நான் பழைய கதை சொல்லுவேனே, ஞாபகம் இருக்காடி? கம்பளியெல்லாம் பூச்சி அரிச்சுப் போச்சு, அதனால கடையில சரக்கே இல்லன்னு. பதினோரு வருஷம் சொன்னேன். பூச்சியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்க மாமனார் சீட்டுல போட்டாரு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, பூச்சி மேல பழியப் போட்டேன். பதினோரு வருஷம் மூடி மூடி வெச்சு, கடைசியில தாங்காமதான் பெட்டியத் தூக்கி வெளிய வெச்சேன். முதல் நாளே வாயத் திறந்திருந்தா அந்த மனுஷன் பொழச்சிருப்பாரோ என்னவோ..." அவள் குரல் உடைந்தது. "நான் பூச்சி மேல போட்டேன். என் பிள்ளை உன் மேல போட்டுட்டான். பூச்சிக்கும் பெண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியாம வளத்துட்டேனே, ஹெஸ்டர்! நானும் சேந்து உன்ன..."

"விடுங்க அத்தை..."

"விட மாட்டேன்!"

விடவில்லை. நாலு பேர் முன்னால் யாரையும் கட்டிப்பிடித்தறியாத அந்தக் கிழவி, பதின்மூன்று பேர் பார்க்க, மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். டியூக்கே தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அண்ணியின் பக்கத்தில் போட்டாள். அவள் முகம் தரையைப் பார்த்திருந்தது.

"நான் பேசின பேச்சு..." என்றாள். "எட்டு மேசைன்னு... அண்ணி, என் நாக்க..."

"உக்காரு டியூக்கே. பெறகு பேசிக்கலாம்."

ரீக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டு மகனிடம் திரும்பினாள். "எழுந்திரு. பெட்டி வெளிய போகாது, பயப்படாத. ஆனா இந்த வட்டத்தச் சுத்தி வா. ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு, மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஹெஸ்டர் ஆடல, நான்தான் ஆடினேன்னு. ஒருத்தரையும் விடக் கூடாது."

திரைக்குப் பின்னாலேயே வாழ்ந்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. எழுந்தான். பெரென்டின் கையைப் பிடித்தான். "ஹெஸ்டர் ஆடல. நான்தான்." பெரென்ட் கண்ணைத் தாழ்த்தப் பார்த்தார். "என் மூஞ்சியப் பாருங்க," என்றான் கெர்பென், கெஞ்சுவது போல. அடுத்த நாற்காலி. அடுத்தது. ஐந்தாவது நாற்காலிக்கு வரும்போது குரல் நடுங்கியது, ஒன்பதாவதில் நடுக்கம் நின்றது. டியூக்கேயிடம் சொன்னான். அம்மாவிடம் சொன்னான். கடைசியாக ஹெஸ்டர் முன் வந்து நின்றான்.

"என்கிட்ட என்ன சொல்லப் போற?" என்றாள் அவள். "எனக்குத் தெரியாததா?"

"உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சந்தையில் காது சிவந்து நின்ற அன்றைக்குப் பிறகு இவ்வளவு நேராக அவன் பார்த்ததில்லை. "இத்தனைக்கும் அப்புறம்... இந்த நிமிஷம்கூட... அம்மா பேர் சும்மாதானே இருக்குன்னு என் மனசு சொல்லுது, ஹெஸ்டர்."

எத்தனையோ சத்தியங்கள் கேட்டவள் ஹெஸ்டர். நிறுத்திவிட்டேன், இனி இல்லை, கடைசித் தடவை... அவற்றில் ஒன்றுகூட இந்த அசிங்கமான வாக்கியத்துக்கு ஈடாகாது. இத்தனை வருஷத்தில் அவன் கையைத் திறந்து சீட்டைக் காட்டியது இதுதான் முதல் தடவை.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியா சொல்லுது?" என்றாள் ரீக்கி. "டியூக்கே, என் போன எடு. என் பேரையும் பட்டியல்ல ஏத்து. அப்படியே உன் பேரையும்."

"நானா! நான் எதுக்கும்மா?"

"அவனுக்கு உன் பிறந்த தேதி தெரியாதா? பெரென்ட், நீயும்தான்."

"நான் பக்கத்துக் கடைக்காரன், ரீக்கி!"

"போன வருஷம் உன் வரிப் படிவத்த யாரு நிரப்பினா? உன் அடையாள எண் அவனுக்கு மனப்பாடம். எடு போன!"

பெரென்ட் முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடினார். வட்டம் முழுவதும் போன்கள் வெளியே வந்தன. கேக் தின்ன வந்தவர்கள், வாழ்நாளில் ஒரு பந்தயம்கூடக் கட்டாதவர்கள், தங்கள் நல்ல பெயரைச் சூதாடிகள் பட்டியலில் ஏற்றிக்கொள்ள மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துத் தட்டுத்தடுமாறினார்கள்.

"இதுக்கு மேல எத அமுக்கணும்?" என்று ரீக்கி கத்தினாள். "யாருக்காவது தெரியுமா, தெரியாதா?"

கெர்பென் ஹெஸ்டரைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள், கையை விட்டாள். அவன் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டினான். பிறகு அடுத்த நாற்காலி. பிறகு அதற்கடுத்தது. தனக்கு இந்த ஊரில் மிச்சமிருந்த வாசல்களை எல்லாம், ஒவ்வொன்றாக, தன் கையாலேயே அடைத்துக்கொண்டு வந்தான்.